மறுகா என்று கேட்டவருக்கு

அண்ணா,

நேற்றுக் காலை களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் உங்கள் குரலைக் கேட்டேன். கண்டக்டரின் சட்டைப் பையிலிருந்து வந்தது. போன் அடிக்கும்போது பாட்டு வைத்திருப்பார்களே, அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளை உங்களை வைத்திருக்கிறார். "மறுகா? மறுகா? மறு...கா?" மூன்று தரம். மூன்றாவதில் ஒரு இழுவை. பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மடியில் மரக்கறிப் பையை வைத்திருந்த ஒரு அம்மா, "எடுக்காத மனே, இன்னொருக்கா அடிக்கட்டும்" என்றார்.

அவர் என் பக்கம் வந்தபோது கேட்டேன். "தம்பி, அது ஆர்ர குரல்?"

"தெரியா அக்கா. போன் கடையில போட்டுத் தந்தவங்க. பழைய பகிடிக்காரர் ஒராளாம். ஆள் இப்ப இருக்காரோ என்னவோ."

"இல்ல" என்றேன். அவர் "ஓ" என்றுவிட்டு, ஆரையம்பதி இறக்கம் என்று கத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கல்லடிப் பாலம் தாண்டும்வரை நான் தலை நிமிரவில்லை. கண் காட்டப் போனவள் நான். கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு அழுதீர்களா என்று கேட்டார். பஸ் புகை என்று சொன்னேன். அறுபதை எட்டுகிற வயதில் பஸ்ஸுக்குள் அழுதேன் என்று ஒரு டொக்டருக்குச் சொல்ல முடியுமா.

உங்கள் குரல் என்பதற்காக மட்டும் அழவில்லை. அந்த மூன்று "மறுகா"வையும் வெவ்வேறு இடத்திலிருந்து வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கடைசிச் சொல்லை இழுத்துவிட்டவள் நான். நீங்கள் ஒரு நாளும் அப்படி இழுத்துச் சொன்னதில்லை. ஊர் முழுக்க உங்களுடையது என்று நினைக்கிற அந்தச் சத்தம் என் கைவேலை.

கொழும்பில் நாம் முதல் சந்தித்த நாளை நீங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பீர்கள். நான் அப்போது தொலைக்காட்சி நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகச் சேர்ந்து இரண்டு வருடம். களுவாஞ்சிக்குடிக்காரி என்று ஒருவருக்கும் தெரியாது. செய்தி வாசிப்பவர்களைப் போலத் தமிழ் பேசிப் பழகியிருந்தேன். வீட்டுக்குப் போன் எடுக்கும்போதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன். நடிகர் தேர்வுக்கு வந்தவர்களோடு நீங்களும் வரிசையில் இருந்தீர்கள். கமெராக்காரர் கமெராவை வேறு பக்கம் வைத்திருந்தார். அவசரத்தில் என் வாயிலிருந்து, "இஞ்சால கிறுகுங்க" என்று வந்துவிட்டது. திரும்புங்கள் என்றுதான் சொன்னேன். கொழும்புக்காரரான அவருக்குக் கிறுக்கு என்று விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்தா பைத்தியம் என்கிறீர்கள் என்று அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் கதிரையில் இருந்தபடி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டீர்கள்.

"தங்கச்சிக்கு எழுவான்கரையோ, படுவான்கரையோ?"

வாவிக்குக் கிழக்குக் கரையா மேற்குக் கரையா என்று எங்கள் மட்டக்களப்பு ஆட்கள் மட்டும் கேட்கிற கேள்வி அது; எனக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் சென்றது. அன்றைக்கு நீங்கள் நடித்துக் காட்டியது வாசிக்காமலே கையெழுத்துப் போடும் ஒரு கிராம விதானையாரை. தன்னுடைய மரணச் சான்றிதழுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, "பிள்ளைகள் வந்து வாங்கிப் போகட்டும்" என்று சொல்லும் ஆள். நீங்கள் சிரிக்கவேயில்லை. எத்தனையோ நடிகர்களைப் பார்த்துவிட்டேன், தன் பகிடிக்குத் தானே சிரிக்காதவர் நீங்கள் ஒருவர்தான். மெலிந்த உடம்பு, பெரிய காது, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற முகம். அந்த முகத்தைக் கண்டதும் சனம் சிரிக்கத் தொடங்கிவிடும்.

நீங்கள் தபால்காரராக இருந்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் ஒரு வரி சொல்லுவார்கள். நீங்கள் எழுதி முடித்துவிட்டு, பேனையைத் தூக்காமல், அடுத்த வரிக்காக "மறுகா?" என்பீர்கள். பிறகு என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல், அவ்வளவுதான். மறுகா வாறன், மறுகா சாப்பிடுவம் என்று எங்கள் வீடுகளில் ஒரு நாளைக்கு நூறு தரம் விழுகிற சொல். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. நீங்கள் அதைக் கேட்கும் விதத்தில் மட்டும் ஒரு பொறுமை இருக்கும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் நான் இங்கேதான் இருக்கிறேன் என்பது போல.

நாடகங்களில் இரண்டு மூன்று வருடம் நல்ல பெயர் எடுத்த பிறகு, ஊர் ஊராகப் போய்ச் சாதாரண சனத்தோடு கதைக்கும் நிகழ்ச்சியை உங்களிடம் கொடுத்தோம். முதல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மேலதிகாரி அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் விளங்காதாம். நான் சண்டை பிடித்து வைத்தேன். ஊர்ச் சொல்லை ஒளித்துவைத்திருந்த எனக்கு அன்றைக்கு எங்கிருந்து அந்த வீரம் வந்ததோ தெரியாது. இரண்டு மாதத்தில் கடிதங்கள் குவிந்தன. சின்னப் பிள்ளைகள் தெருவில் சொல்லித் திரிகிறார்கள் என்று எழுதினார்கள். அதே மேலதிகாரி, "அதைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க" என்றார். கூட்டச் சொல்லி உங்களிடம் வந்தவளும் நான்தான்.

"மூண்டு தரம் கேளுங்க அண்ணா. ஒவ்வொரு ஆளிட்டையும்."

"ஒருதரம் கேட்டாச் சனம் கதைக்கும் தங்கச்சி. மூண்டு தரம் கேட்டாச் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. அதுக்குத்தானே வந்திருக்கம்."

நீங்கள் சரி என்றீர்கள். உங்களுக்கு மறுத்துப் பழக்கமில்லை. மறுத்திருந்தால் நான் விட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை. பிடிவாதக்காரி நான்.

சமாதானம் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச வருடங்கள்தான் நம்முடைய நல்ல காலம். பாதை திறந்திருந்தது. நிலையத்து வான் வண்டியில் கமெராவையும் இரண்டு பிளாஸ்டிக் கதிரையையும் போட்டுக்கொண்டு சுற்றினோம். ஏறாவூரில் ஒரு உம்மா, குவைத்தில் வேலை செய்த வீட்டுக் கிளிக்கு நம் தமிழ் பழக்கிய கதையைச் சொன்னது நினைவிருக்கிறதா. கிளி அரபை மறந்துவிட்டு, எசமானி எதைச் சொன்னாலும் "மறுகா? மறுகா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டதாம். வீட்டுக்காரர்கள் கிளிக்கு வருத்தம் என்று நினைத்து டொக்டரிடம் கொண்டுபோனார்களாம். சுற்றி நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீங்கள் மட்டும் முகம் மாறாமல், "கிளிக்கு மருந்து குடுத்தவங்களா உம்மா?" என்று அக்கறையாகக் கேட்டீர்கள். கமெரா ஆடிவிட்டது, அந்தக் கமெராக்காரர் சிரித்து. என்னோடு கோபித்துக்கொண்டு போன அதே ஆள்தான்.

வந்தாறுமூலையில் கம்பஸ் பிள்ளைகள் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இறக்கிவிட்ட பிறகு, "இறங்கக்குள்ள செருப்பு ஒண்டக் காணல்ல" என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். உண்மையிலேயே செருப்பு தொலைந்துதான் போயிருந்தது. அதையும் பகிடி என்று நினைத்து ஒருவரும் தேடவில்லை. வான் வரைக்கும் ஒரு கால் செருப்போடு நடந்து வந்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் பின்னால் வந்தேன். நீங்கள் சொல்வது எதுவும் இனிச் சனத்துக்கு நேராகக் கேட்காது என்று அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

சுனாமியாகக் கடல் வந்த அன்று நான் கொழும்பில். நீங்கள் விடுமுறைக்கு ஊரில் நின்றீர்கள். வீடு வாவிப் பக்கம் என்பதால் உங்களுக்கும் அண்ணிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கிழமை உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த நாட்களில் நீங்கள் கரையில் நின்று பிரேதம் தூக்கியதை அண்ணி சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

நான் வானோடு வந்து இறங்கினேன். காணாமல் போனவர்களின் பெயரையும் அடையாளத்தையும் உறவினர்கள் கமெராவுக்கு முன்னால் சொல்லும் நிகழ்ச்சி. எங்காவது ஒரு ஆஸ்பத்திரியிலோ வேறு முகாமிலோ இருக்கிற பிள்ளையை யாராவது கண்டு சொல்லமாட்டார்களா என்பதற்காக. அப்படி இரண்டு மூன்று பேர் கிடைத்தும் இருந்தார்கள். அதனால்தான் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை. உங்களைத்தான் இருத்த வேண்டும் என்று நிலையத்தில் சொன்னார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"என்ட முகம் இதுக்கு வேணாம் தங்கச்சி. வேற ஆரையும் இருத்துங்க."

"உங்களக் கண்டாத்தான் சனம் பயமில்லாமக் கதைக்கும் அண்ணா."

பள்ளிக்கூட முகாம். வகுப்பறை வாசலில் இரண்டு கதிரை. நீங்கள் மடியில் கடதாசியை வைத்துக்கொண்டு ஊர், ஆணா பெண்ணா, வயது, கடைசியில் பெயர் என்று எழுதினீர்கள். காலை முழுவதும் ஒரு பிழையும் இல்லாமல் போனது. மத்தியானம் நெருங்கும்போது ஒரு அக்கா வந்தார். ஊர் நாவலடி. யாருடையதோ பெரிய சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். ஒரே மகன், ஆறு வயது என்றார். கேட்காமலே கதையைத் தொடங்கினார்.

"நான் அடுப்படியில. ஓடி வந்து, அம்மா கடல் ரோட்டால வருது எண்டான். பகிடி எண்டு நினைச்சன். மறுகா சத்தம் கேட்டுத்து. கையப் பிடிச்சித்து ஓடினன். வேலி வரைக்கும் கை இரிந்த. வேலியடியில..."

நிறுத்திவிட்டார். நீங்கள் காத்திருந்தீர்கள். நெடுநேரம் காத்திருந்தீர்கள். பிறகு மெல்ல, கடிதம் எழுதிக் கொடுக்கும் தபால்காரராக, ஒரே ஒரு தரம் கேட்டீர்கள்.

"மறுகா?"

வரிசையில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். அது இன்னொருவருக்குத் தொற்றியது, பிறகு எல்லோருக்கும். எல்லோரும் யாரையாவது பறிகொடுத்தவர்கள். இரண்டு கிழமையாகச் சிரிக்காதவர்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, அந்தச் சொல்லை உங்கள் வாயால் கேட்டால் சிரிப்பது என்று பழகிப்போயிருந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். அண்ணா, இதை நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. கமெராவுக்குப் பின்னால் நின்ற என் உதட்டிலும் அந்தச் சிரிப்பு வந்தது.

அந்த அக்கா கோபப்படவில்லை. உங்களைப் பார்த்துச் சொன்னார். "என்ட புள்ளையும் இப்பிடித்தான். உங்களக் கண்டா உருண்டு உருண்டு சிரிப்பான்."

எழும்பிப் போய்விட்டார். மகனின் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரையும் சொல்லவில்லை.

நீங்கள் பின்னால் ஓடினீர்கள். உள்ளே பெண்கள் மறித்தார்கள். "விடுங்க, அவக்கு இப்ப ஏலாது." நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள். நான் வந்து, "அண்ணா, அடுத்த முகாமில காத்துக்கொண்டிருக்கிறாங்க, நேரம் போகுது" என்றேன். உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது என்று சனத்தை நாலு இடத்துக்குப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். நாவலடிக்காரர்கள் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். உங்கள் கடதாசியில் அந்த வரி அப்படியே நின்றது. நாவலடி, ஆண், ஆறு வயது. பெயருக்கு வைத்த இடம் வெறுமையாக இருந்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று அத்தனை பிள்ளைகளின் பெயரும் போனது, அந்த ஒரு பிள்ளையைத் தவிர.

"அந்தப் புள்ள எங்கயும் உசிரோட இருந்தா, நாமதான் தங்கச்சி அவனத் தேடாம விட்டது" என்றீர்கள். நாம் என்றீர்கள். நான் என்று சொல்லியிருக்கலாம், நீ என்றும் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நீங்கள் மேடையில் சொல்லவில்லை. சனம் கேட்டது. கைதட்டிக் கேட்டது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வேறு பகிடிக்குப் போனீர்கள். நிலையத்தில் என்னை நெருக்கினார்கள். நான் உங்களோடு கத்தினேன். "ஒரு சொல்லுக்காக இவ்வளவு பிடிவாதமா? நிகழ்ச்சி நிண்டுபோகும்" என்றேன். "நிக்கட்டும்" என்றீர்கள். பழைய நாடாக்களைத் தேடி எடுத்து, மூன்று "மறுகா"வை வெட்டி ஒட்டி, உங்களிடம் கேட்காமல் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் போட்டேன். முதல் ஒளிபரப்பை நீங்கள் அலுவலகத்தில் என் பக்கத்தில் இருந்துதான் பார்த்தீர்கள். முடியும்வரை இருந்துவிட்டு, "நல்லா வெட்டியிரிக்கிறாய் புள்ள" என்று சொல்லிப் போய்விட்டீர்கள். அடுத்த மாதம் நிகழ்ச்சியிலிருந்தும் விலகிவிட்டீர்கள். அந்தச் சத்தம் மட்டும் விலகவில்லை. வேறு ஒருவர் நடத்திய காலத்திலும் அது ஓடியது.

ஊருக்குப் போய்விட்டீர்கள். கலியாண வீடுகளில் கேட்டாலும் நடிக்கவில்லை என்று அண்ணி சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த அக்காவைத் தேடி முகாம் முகாமாகப் போவதாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்துச் சண்டையும் திரும்பத் தொடங்கிவிட்டது. கடலால் ஓடிய சனத்தோடு ஷெல்லுக்கு ஓடிய சனமும் கலந்தது. ஒரு முகாமில் இன்றைக்கு இருப்பவர் நாளைக்கு இல்லை. போனில் கேட்பேன், "கண்டுபிடிச்சீங்களா?" "இல்ல" என்பீர்கள். இரண்டு வருடம் கேட்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்த அன்று நான்தான் போன் எடுத்தேன். கொழும்பில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கலகலப்பான சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்கு உங்களைக் கூப்பிடச் சொல்லி நிலையத்தில் உத்தரவு. உங்களுக்குச் சலரோகம் முற்றிச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய காலம் அது. குரல் மெலிந்திருந்தது.

"அங்கயும் வெடியா?" என்று கேட்டீர்கள். "இஞ்சயும்தான். நாய் கட்டிலுக்குக் கீழ பூந்தித்து, வெளிய வருகுதில்ல."

நான் விசயத்தைச் சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை.

"அதுக்கு நான் சரிவரமாட்டன் புள்ள. வன்னியிலயிருந்து வந்த சனம் முகாமுகளில இருக்காம். ஒவ்வொருத்தரும் ஆரையும் தேடுவாங்க. அப்பிடி ஒரு நிகழ்ச்சி செய்யிறண்டாச் சொல்லு, வாறன். கமெராக்கு முன்னால என்ன வைக்காத. பேர மட்டும் வாசிக்கிறன். ஆரும் எழுதித் தந்தாப் போதும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் கேட்கவில்லை, அண்ணா. அந்த நேரத்தில் அதைக் கேட்டால் என்னையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்று பயம். ஒரு கிழமை கழித்து, அவர்கள் சம்மதிக்கவில்லை என்று உங்களுக்குப் பொய் சொன்னேன். "பறவாயில்ல, நீ என்ன செய்வாய்" என்றீர்கள். அந்த வருடம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்த வீட்டில் சனம் நிறைந்திருந்தது. யாரோ ஒருவர் அழுதுகொண்டே "மறுகா எப்ப வருவாய்" என்று ஒப்பாரி வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதைக் கேட்க நீங்கள் இல்லாமல் போனீர்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

முப்பத்தோராம் நாள் அன்றுதான் அது நடந்தது. அண்ணிக்கு உதவி செய்யலாம் என்று குசினிக்குள் போனேன். ஒருவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கமெராக்குப் பின்னால நிண்ட புள்ளதானே" என்றார்.

குரலில்தான் அடையாளம் கண்டேன், அந்த நாவலடி அக்கா. "இரிங்க புள்ள" என்று பலகையைத் தள்ளிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு வீட்டுத்திட்டத்தில வீடு கிடைச்ச வருசம் அவர் வந்தவர். சைக்கிள உருட்டித்து வந்து வேலியடியில நிண்டார். நான் கதவச் சாத்தித்தன். அடுத்த கிழமையும் வந்தார். அதுக்கடுத்த கிழமையும். நாலாம் தரம் வரக்குள்ள நல்ல மழை. நனைஞ்சித்து நிக்கிற மனிசனுக்கு என்னண்டு கதவச் சாத்திற? உள்ளுக்கு வாங்க எண்டன். எல்லாத்தையும் சொன்னன். ஒரு சொல்லுக் கேக்கல்ல அவர். நான் நிப்பாட்டினா அவரும் பேசாம இரிப்பார். மகன்ட பேரையும் சொன்னன். எழுதல்ல. பேப்பரே கொண்டுவரல்ல."

"மறு..." என்று தொடங்கிவிட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கவனித்தாரோ தெரியாது, தேங்காயைத் திருப்பிப் பிடித்தார்.

"அந்தப் பேரோட ஆஸ்பத்திரி, புள்ளைகள் இல்லம், கோயில், சேர்ச் எல்லாம் போனவர். நாலு மாசம். வந்து இல்லயெண்டு சொன்னதும் அவர்தான். வேற ஆக்கள் எண்டாக் கடிதம் போட்டிருப்பாங்க. அதுக்குப் புறகும் மாசத்தில ஒருக்கா வருவார். தேத்தண்ணி குடிச்சித்துப் போவார். ஒருநாள் ஏதோ கதைக்கக்குள்ள நான் சிரிச்சித்தன். என்னத்துக்கு எண்டு ஞாபகமில்ல. நான் சிரிச்சதக் கண்டு அவர் அழுதித்தார்."

"என்னிட்ட ஒருநாளும் சொல்லல்லயே அக்கா" என்றேன். "கண்டுபிடிச்சதயே சொல்லல்ல."

அவர் ஒளிக்காமல் சொன்னார். "நானும் கேட்டன், அந்தப் புள்ளைக்குச் சொல்லல்லயா எண்டு. நல்ல புள்ள, ஆனாக் கமெராவத் தூக்கித்து வந்திரும் எண்டார்."

அதில் ஒரு குத்தலும் இல்லை. அரிசி ஊறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். நீங்கள் சொன்னது சரி. நான் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பேன். இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். அவர் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் என் கண், யன்னலால் விழும் வெளிச்சத்தில் அவருடைய கை எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் முப்பத்தோராம் நாளில், அண்ணா. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"மகன்ட பேர் என்ன அக்கா?" என்று கேட்டேன்.

துருவலையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவை விரலால் வழித்துச் சட்டிக்குள் போட்டார். "அவருக்குச் சொல்லித்தன்" என்றார்.

அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். மாதத்தில் ஒரு நாள் அந்த அக்காவின் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் போன இடத்துக்கு நான் போகிறேன் என்று பெருமை பேசவில்லை. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. முதலில் வாசலில் வைத்தே பேசி அனுப்பினார். பிறகு கதிரை தந்தார். பிறகு தேத்தண்ணி. கோழிக் குஞ்சுகளைக் கீரி பிடித்ததையும், பக்கத்து வீட்டுப் பெண் கட்டாருக்குப் போனதையும், முழங்கால் வலியையும் சொல்லுவார். நடுவில் நிறுத்திவிட்டால் நானும் சும்மா இருப்பேன். வாய் சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று ஆஸ்பத்திரியால் நேரே அங்கேதான் போனேன். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். வெகுநேரம் கழித்து, கேட்காமலே சொன்னார்.

"அவனுக்கு இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இரிந்த. தலை முழுகத் தண்ணி வாக்கக்குள்ள நான் மட்டும்தான் காண்ற."

இத்தனை வருடத்தில் மகனைப் பற்றி எனக்கு அவர் தந்த முதல் சொல் அது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

நாவலடி. ஆண். ஆறு வயது. இடது காதுக்குப் பின்னால் மச்சம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அண்ணா. பெயரை அவர் உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.